மேல் மீட்டர்

வில்லாபுரம் வீட்டில் எங்களுக்கு
இரண்டு மீட்டர்.
கீழே உள்ளது பஞ்சவர்ணம், நான்.
மேலே உள்ளது சோலைராஜ்.

மாடியில் குடியிருந்த நர்ஸ் பெண் காலி செய்த பங்குனியில்
துறைத்தேர்வுக்குப் படிக்கணும், ஒரே மாசம் என்று
மேசை, பாய், டேபிள் ஃபேன் எல்லாவற்றையும்
ஒரே சாயங்காலத்தில் ஏற்றிவிட்டார்.
பின்னாலேயே தண்ணீர்க் குடத்தோடு நான் போனேன்.
சிரித்துக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர்வு முடிந்தது. தேறியும் விட்டார்.
மேசை இறங்கவில்லை.

சண்டை இல்லை.
சண்டை என்றால் சொல்வதற்கு ஒரு தேதி இருக்கும்,
நசுங்கிய டம்ளராவது இருக்கும்.
அக்கா கேட்டாள், "அடிச்சாரா?" இல்லை.
"குடிக்கிறாரா?" இல்லை.
"வேற யாரும்..." இல்லைக்கா.
"அப்புறம் என்னடி, நம்ம ஊருல சாமிக்கே தனிச் சந்நிதிதான்."
ஆமாம். ஆனால் அங்கே
ராத்திரியானால் பல்லக்கு வரும்.

இங்கே வாட்ஸ்அப் வரும்.
"மோட்டார் போடு."
"டேங்க் நிறைஞ்சிருச்சு."
ஒன்பதாவது படியில் டிபன் பாக்ஸை வைப்பேன்.
மொத்தம் பதினேழு படி. நடு எது என்று
நாங்கள் பேசி முடிவு செய்ததில்லை.
கழுவித்தான் திருப்பி வைப்பார்.
ஒருநாள் கழுவாமல் வைத்திருந்தால்
கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம் நான்.

கணக்கெடுக்க வந்த மின்வாரியப் பெண் சொன்னாள்:
"மேல நாப்பத்தி மூணு யூனிட்தான்க்கா. நூறு வரைக்கும் ஃப்ரீ.
தனித்தனி மீட்டர் உங்களுக்கு லாபம்."

லாபம்.

அன்றிலிருந்து நானே பார்க்கத் தொடங்கினேன்.
படுக்கப் போகும்முன் ஒருமுறை,
வாசல் தெளிக்கும்முன் ஒருமுறை.
காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதிவைப்பேன்.
ஃபேன் மட்டும் ஓடிய இரவு அரை யூனிட்டுக்குள் அடங்கும்.
ஆவணிக் கடைசியில் மூன்று நாள் கணக்கு எகிறியது.
விடியவிடிய விளக்கு. தூங்கவில்லை.
ஏன் என்று மீட்டரில் வராது.
பரமக்குடிக்கு மாற்றல் போட்டார்களாம்,
நாலாம் நாள் ரத்தாகிவிட்டதாம்.
மாட்டுத்தாவணியில் காய் வாங்கும்போது
அவரோடு வேலை பார்க்கிறவர் சொன்னார்.
தெரிந்த மாதிரியே தலையாட்டினேன்.

இதையும் எழுதிவைக்கிறேன்:
கட்டிலில் குறுக்கே படுக்கப் பழகிவிட்டேன்.
ராத்திரி பத்து மணிக்குக் கருவாடு வறுக்கிறேன்,
அவருக்கு ஆகாத வாடை வீடெல்லாம் சுற்ற
நின்றபடியே சாப்பிடுகிறேன்.
டவுன்ஹால் ரோட்டில் தலையணை வாங்கப் போனபோது
கடைக்காரர் ஜோடியாக எடுத்துப் போட்டார்.
ஒன்று போதும் என்றேன். குரல் கம்மவில்லை.

ஐப்பசி மழையில் மேலே ஒழுகியது.
பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கதவைத் தட்டினார். தன் வீட்டுக் கதவை.
"உள்ள வரலாமா?"
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதரம் கேட்டதில்லை.
"வாங்க" என்று நான் சொல்வதற்குள்
மூன்று மூச்சு போனது. நாலாகவும் இருக்கலாம்.
அவரும் எண்ணியிருப்பார். கணக்குப்பிரிவு ஆள்.
மழை விட்டதும் ஏறிவிட்டார்.
கூடத்தில் பாய் கிடந்த இடம்
காய ரொம்ப நேரம் ஆனது.

நேற்று ஒரு தரகர் வாசலில் வண்டியை நிறுத்தினார்.
"மாடி காலியாம்மா? நல்ல பார்ட்டி இருக்கு,
புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர்தான்."
"ஆள் இருக்கு" என்றேன்.
"யாரு, வாடகைக்கா?"
மேலே ஜன்னல் கொக்கி விலகும் சத்தம்.
அண்ணாந்து பார்க்கவில்லை.
"மோட்டார் போடணும்ங்க, இன்னொரு நாள் வாங்க" என்று
உள்ளே வந்துவிட்டேன்.

டேங்க் நிறைந்துதான் இருந்தது.
அது அவருக்கும் தெரியும்.